காம்பில்லாத டேலியா

வலங்கைமானைத் தாண்டிக் கும்பகோணம் சாலையில் நடந்துகொண்டிருந்தேன். செருப்பு கையில் இருந்தது. கால்விரல் இடுக்கெல்லாம் சேற்றுப்புண். செருப்பின் வார் பட்டால் எரிந்தது, வெறுங்காலில் நடந்தால் தார் சுட்டது. அதனால் சாலையோரத்துப் புல்லில் கால் வைத்து வைத்துப் போனேன்.

பின்னால் ஒரு கல் தொலைவில், குறுவை அறுத்த வயலில் எண்ணூறு வாத்துகள் மேய்ந்துகொண்டிருந்தன. நாலு மாதமாக அவற்றின் பின்னால் நடந்திருந்தேன். அன்று காலை வாத்துக்காரரிடம் என் காலைக் காட்டினேன். அவர் வேட்டியைத் தூக்கித் தன் காலைக் காட்டினார். அது என் காலைவிட மோசமாக இருந்தது. இரண்டு பேரும் சிரித்துவிட்டோம். "போறதுன்னா கஞ்சியக் குடிச்சுட்டுப் போ" என்றார். குடித்துவிட்டுக் கிளம்பினேன். எங்கே போகிறாய் என்று அவர் கேட்கவில்லை. கும்பகோணம் பெரிய ஊர், ஏதாவது இருக்கும் என்பதுதான் திட்டம்.

எனக்கு அப்போது இருபத்தாறு வயது. எட்டாம் வகுப்பில் பாதியோடு பள்ளிக்கூடம் முடிந்துவிட்டது. அதற்குப் பிறகு எந்த வேலையிலும் ஒரு வருடம் முழுதாக இருந்ததில்லை. ஒரத்தநாட்டில் தீவனக் கடையில் மூட்டை தூக்கியிருக்கிறேன், தஞ்சாவூரில் பூக்கடையில் எட்டு மாதம் உட்கார்ந்திருக்கிறேன், நெல் அறுக்கும் மெஷினோடு ஊர் ஊராகப் போயிருக்கிறேன். யாரும் என்னை விரட்டியதில்லை. ஓர் இடத்தில் வேலை பழகிவிட்டால் கால் தானாகக் கிளம்பிவிடும், அவ்வளவுதான்.

எதிரே கும்பகோணத்திலிருந்து வந்த பஸ் ஒன்று நின்றது. அங்கே நிறுத்தம் கிடையாது. வயலுக்கு நடுவே புதிதாகக் கட்டிய ஒரு கல்யாண மண்டபம் மட்டும் இருந்தது. அந்த வருடங்களில் அப்படித்தான். வீட்டுக்கு ஒருவர் வெளிநாட்டிலோ மெட்ராஸிலோ சம்பாதித்தார்கள், தெருவுக்கு ஒரு எஸ்.டி.டி. பூத் வந்தது, ஒரு போகம் நாற்று நின்ற இடத்தில் அடுத்த போகம் மண்டபம் நின்றது.

கண்டக்டர் பஸ்ஸின் மேலே ஏறி ஒரு பெரிய அட்டைப்பெட்டியைத் தூக்கினார். கீழே ஒரு மனிதர் இரண்டு கையையும் வானத்துக்கு நீட்டிக்கொண்டு நின்றார். முழுக்கால் சட்டை, உள்ளே செருகிய வெள்ளைச் சட்டை, பளபளப்பான ஷூ, தலையில் வலைத்தொப்பி. முப்பத்தைந்து வயது இருக்கும்.

"அண்ணே, சாய்க்காதீங்க! படுக்க வாக்குல குடுங்க, படுக்க வாக்குல!"

"உள்ள என்ன பாய், கொழந்தையா இருக்கு?"

"பூவுண்ணே!"

"பூவா? பூவுக்கா இவ்ளோ பெரிய பெட்டி? நான் டிவின்னு நெனச்சுல்ல பயந்து பயந்து வந்தேன்!"

மூன்று பெட்டிகள். அவர் ஒருவர்தான் இருந்தார். நான் செருப்பைக் கீழே போட்டுவிட்டுக் கை கொடுத்தேன். பெட்டியின் அளவுக்குக் கனமே இல்லை. மண்டபத்துக்குள் தூக்கிக்கொண்டு போகும்போது என் பக்கம் திரும்பினார்.

"என்ன வேல பாக்குறீங்க தம்பி?"

"நேத்து வரைக்கும் வாத்து மேய்ச்சேன் பாய்."

"இன்னைக்கு?"

"இன்னும் முடிவாகல."

சிரித்துவிட்டார். "பூ வேல ஏதாச்சும் தெரியுமா?"

"தஞ்சாவூர்ல எட்டு மாசம் பூக்கடையில இருந்தேன்."

அவர் முகம் அப்படியே மலர்ந்தது. "அப்ப எங்கயும் போவாதீங்க. இன்னைக்கு என்னோட இருங்க" என்றார். எனக்கு வேலை கிடைத்தது அப்படித்தான்.

சமையல்கட்டில் டீ வாங்கிக் கொடுத்துவிட்டு விஷயத்தைச் சொன்னார். ஏழு வருடம் வளைகுடாவில் ஒரு பெரிய ஓட்டலில் இருந்தவர். தரை துடைக்கத்தான் போனார். பிறகு பூ வாளி தூக்கினார், கடைசி நாலு வருடம் ஓட்டல் முகப்பில் பூ அடுக்குகிற ஆளாகவே ஆகிவிட்டார். இரண்டு மாத லீவில் வந்திருக்கிறார். வெள்ளிக்கிழமை திரும்புவதற்கு டிக்கெட் போட்டாகிவிட்டது. ஆனால் போக மனமில்லை.

"நான் போன தடவ கெளம்புறப்ப எம் மவ வயித்துல இருந்தா. இப்ப மூணு வயசாவுது. 'நீங்க ஏன் எங்க வீட்டுல தூங்குறீங்க, ஒங்க வீட்டுக்குப் போங்க'ங்குறா."

அவர் சிரித்துக்கொண்டேதான் சொன்னார். அதனால் நானும் சிரித்தேன்.

மண்டபக்காரர் ஒரு வாய்ப்புக் கொடுத்திருந்தார். அன்று சாயங்காலம் பெண்ணழைப்பும் வரவேற்பும். பெண் வீட்டார் வெல்வெட் திரையும் தெர்மாகோல் அன்னப்பறவையும் வேண்டாம், வெளிநாட்டில் போடுகிற மாதிரி பூமேடை வேண்டும் என்று கேட்டிருந்தார்கள். பாய் போடுகிற மேடை நன்றாக அமைந்தால் அந்த மண்டபத்தில் இனிமேல் எல்லாக் கல்யாணத்துக்கும் அவரே மேடை போடலாம். அமையாவிட்டால் வெள்ளிக்கிழமை விமானம்.

"பச்ச நுரைக்கட்டின்னு ஒண்ணு மெட்ராஸ்லேருந்து லாரி ஆபீசுக்கு வந்திருக்கும். நான் போயி எடுத்துட்டு வந்துடுறேன்" என்றார். அது செங்கல் அளவுக்கு இருக்கும், தண்ணீரில் போட்டால் தண்ணீரைக் குடித்துக்கொள்ளும், அதில் பூவை வைத்தால் இரண்டு நாள் வாடாது என்று விளக்கினார். "நீங்க பெட்டியப் பிரிச்சு, பூவ ரெடி பண்ணி, தண்ணி காட்டி வைங்க. வந்ததும் மேடைல ஏத்திடலாம்." கிளம்பினவர் வாசல்வரை போய்த் திரும்பி வந்தார். "இதழ்ல மட்டும் கைய வச்சுடாதீங்க தம்பி. ஒடம்பு சூடு பட்டாக்கூட கருத்துடும்."

மண்டபத்தில் எனக்கு முன்பே இரண்டு பேர் பூ வேலை பார்த்துக்கொண்டிருந்தார்கள். வாசல் மாலைக்கும் தோரணத்துக்கும் வந்த ஒரு பூக்கார அக்காவும் அவருடைய மருமகளும். அக்காவுக்கு நாற்பத்தைந்து வயது இருக்கும். கை ஒரு பக்கம் கட்டிக்கொண்டே இருக்கும், வாய் இன்னொரு பக்கம். நான் உட்கார்ந்ததும் மூக்கைச் சுளித்தார்.

"என்னா இது, குளத்து நாத்தம் அடிக்குது?"

"வாத்து அக்கா. நாலு மாசம்."

"அப்ப வாத்துக்காரரே, காத்துக்கு அந்தப் பக்கம் உக்காருங்க."

பெட்டியைத் திறந்தேன். கொடைக்கானல் தோட்டத்தில் ஒவ்வொரு பூவையும் ஆங்கிலப் பேப்பரில் தனித்தனியாகச் சுற்றி அனுப்பியிருந்தார்கள். முதல் பூவைப் பிரித்ததும் மூன்று பேரும் தலையை நீட்டிப் பார்த்தோம். டேலியா. சாப்பாட்டுத் தட்டு அகலம். உள்ளே கருஞ்சிவப்பு, விளிம்புக்கு வர வர வெளுத்து, ஓர் இதழ்கூட வரிசை தப்பாமல் சுருண்டு சுருண்டு அடுக்கியிருந்தது. அடுத்தது மஞ்சள். அதற்கடுத்தது வெள்ளை, நுனியில் மட்டும் ரோஜா நிறம்.

"ஆத்தாடி" என்றார் அக்கா. "சாமந்தி துபாய் போயிட்டு வந்த மாரில்ல இருக்கு!"

பிறகு அவர் பார்வை கீழே போனது. ஒவ்வொரு பூவுக்கும் முழ நீளத்துக்குப் பச்சைக் காம்பு. பப்பாளிக் காம்பு மாதிரி உள்ளே பொந்து.

"சோம்பேறிப் பய. காம்பக்கூட கிள்ளாம அப்புடியே அனுப்பியிருக்கான் பாரு."

இதில் நான் அவரைக் குறை சொல்ல முடியாது. என் மனதிலும் அதேதான் ஓடியது. பூக்கடையில் முதல் நாள் கற்றுக்கொண்டதே காம்பு கிள்ளுவதுதான். சம்பங்கியானாலும் ரோஜாவானாலும் தாமரையானாலும், காம்போடு இருந்தால் அது இன்னும் வேலை முடியாத பூ. காம்பு மாலையை முரடாக்கும், கழுத்தில் குத்தும். கடைக்காரர் வந்து பார்க்கும்போது ஒரு பூவில் காம்பு நீண்டிருந்தாலும் அன்றைக்குத் திட்டு நிச்சயம். பூவை ரெடி பண்ணுங்கள் என்றால் எங்கள் மூன்று பேர் அகராதியிலும் அதற்கு ஒரே பொருள்தான்.

கிள்ளினோம். பாய் சொன்னபடி இதழில் கை படாமல், பின்புறப் பச்சையில் மட்டும் விரலைக் கொடுத்து, அரை விரற்கடை விட்டு நகத்தால் ஒரே கிள்ளு. நூற்று முப்பது பூ. ஒரு மணி நேரத்தில் மூன்று பெட்டியும் காலி. வாழையிலைகளைத் தரையில் விரித்து, நிறம் நிறமாக வரிசை பிடித்து அடுக்கி, விரல் நுனியால் தண்ணீர் தெளித்தோம். அவ்வளவு அழகாக நான் பூக்கடையில்கூட அடுக்கியதில்லை. காம்புகளை வாரிக் கொல்லைப்பக்கம் கொட்டினேன். வாட்ச்மேனின் ஆடுகள் ஓடி வந்தன.

பாய் ஒரு ஸ்கூட்டரின் பின்னால் உட்கார்ந்து திரும்பி வந்தார். ஓட்டி வந்தவர் அவருடைய மச்சான், மனைவியின் அண்ணன். பாய் பையைத் தூக்கிக்கொண்டு உள்ளே வந்தார். நாங்கள் மூன்று பேரும் பாராட்டுக்குத் தயாராக உட்கார்ந்திருந்தோம்.

அவர் இலைகளைப் பார்த்தார். ஒரு பூவைக் குனிந்து எடுத்துப் பின்புறம் திருப்பினார்.

"காம்பு எங்க?"

"கிள்ளியாச்சு தம்பி" என்றார் அக்கா. "இதெல்லாம் நீங்க சொல்லணுமா என்ன."

"எல்லாத்துலயுமா?"

"ஒண்ணு விடல."

"கிள்ளினது எங்க இருக்கு?"

நான் கொல்லைப்பக்கம் கையைக் காட்டினேன். அங்கே ஓர் ஆட்டின் வாயில் கடைசிக் காம்பு மேலும் கீழும் ஆடிக்கொண்டிருந்தது. பாய் காலிப் பெட்டியின் மேல் உட்கார்ந்தார். பெட்டி நசுங்கி அவரோடு கீழே போனது. எழுந்திருக்கவில்லை, அப்படியே இருந்தார். ஒரு வார்த்தை திட்டியிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

மச்சான் சட்டைப்பையைத் தட்டினார். "டிக்கெட்டு பத்திரமா எங்கிட்டதான் இருக்கு மாப்ள."

"சும்மா இருங்க மச்சான்."

"நான் ஒண்ணும் சொல்லல. வெள்ளிக்கிழம விடியக்காலம் வேன் சொல்லிட்டேன்னுதான் சொல்றேன்."

பாய் பையிலிருந்து ஒரு பச்சைக் கட்டியை எடுத்து, காம்பைக் குத்துகிற மாதிரி விரலால் குத்திக் காட்டினார். அப்போதுதான் அக்காவுக்கும் எனக்கும் விஷயம் புரிந்தது. காம்பு இல்லாமல் அந்த நுரைக்கட்டியில் எதையும் குத்த முடியாது. அக்கா கட்டிக்கொண்டிருந்த மாலையைக் கீழே வைத்தார். அவர் கை சும்மா இருந்ததை அன்று முதல்முறையாகப் பார்த்தேன்.

மணி பன்னிரண்டு ஆகியிருந்தது. ஆறு மணிக்கு வரவேற்பு. கொடைக்கானலிலிருந்து வேறு பூ வர ஒரு பகலும் ஒரு ராத்திரியும் வேண்டும்.

முதலில் ஊக்கால் துணியில் குத்திப் பார்த்தோம். பூ கனம் தாங்காமல் முகம் கவிழ்ந்து தரையைப் பார்த்தது. அக்கா தனக்குத் தெரிந்ததைச் செய்கிறேன் என்று நாரில் ஐந்து பூவை வைத்து நெருக்கிக் கட்டினார். சாமந்தி நெருக்கினால் நிமிரும். இது நெருக்கினதும் பொலபொலவென்று உதிர்ந்தது. தாம்பாளத்தில் தண்ணீர் விட்டு மிதக்கவிட்டால் அழகாகத்தான் இருந்தது. ஆனால் கீழே உட்கார்ந்து குனிந்து பார்த்தால்தான் தெரியும். மேடைக்கு அது ஆகாது. பாய் எதற்கும் மறுப்புச் சொல்லவில்லை. ஒவ்வொன்றையும் பார்த்துவிட்டுத் தலையை மட்டும் ஆட்டினார்.

இதற்கிடையே மருமகளைக் காணோம். "எங்கடி போயிட்ட?" என்று அக்கா கத்தினார். வாசலிலிருந்து பதில் வந்தது. "இங்கதான்!" போய்ப் பார்த்தேன். பந்தல் காலில் கட்டியிருந்த வாழைமரத்துக்கு முன்னால் அந்தப் பெண் நின்றுகொண்டிருந்தாள். மாலை கட்டும்போது பாதி உதிர்ந்த ஒரு டேலியாவை வீணாக்க மனமில்லாமல், சமையல்கட்டுத் துடைப்பத்திலிருந்து இரண்டு ஈர்க்கை உருவி, பூவின் பின்புறப் பச்சையில் குறுக்கும் நெடுக்குமாகச் செருகி, வாழைத்தண்டில் குத்தி வைத்திருந்தாள். பூ நேராக எங்களைப் பார்த்தது.

"வாசலுக்கு ஒண்ணு இருக்கட்டுமேன்னு வச்சேன்" என்றாள்.

பாயைக் கூப்பிட்டேன். அவர் பூவை மெல்ல அசைத்துப் பார்த்தார். விழவில்லை. மரத்தில் ஈர்க்கு குத்தின இடத்தில் நீர் கசிந்து வழிந்தது. விரலில் தொட்டுப் பார்த்தார்.

"இதுல தண்ணி இருக்கு!"

"வாழைல தண்ணி இல்லாம எண்ணெயா இருக்கும்?" என்றார் பின்னால் வந்த அக்கா.

பாய் அப்போதே சட்டையைக் கழற்றிவிட்டு வேலையைத் தொடங்கியிருக்க வேண்டும். அவர் கழற்றவில்லை. சாயங்காலம் அந்த வெள்ளைச் சட்டை முழுக்க வாழைக்கறை. வாழைக்கறை எந்தச் சோப்புக்கும் போகாது.

மண்டபத்துக்குப் பின்னால் வாய்க்கால் கரையில் வாழைக்கொல்லை இருந்தது. கல்யாணத்துக்காகத் தார் வெட்டின மரங்கள் மொட்டையாக நின்றன. தார் வெட்டின மரம் யாருக்கும் வேண்டாதது. நானும் மச்சானும் போய் நாலு மரத்தைச் சாய்த்து இழுத்து வந்தோம். மச்சான் இழுக்கும்போதும் பேசிக்கொண்டேதான் வந்தார். "ஏழு வருஷம் துபாய்ல கத்துக்கிட்டு வந்து, கடைசில வாழ மரத்த இழுக்க வச்சுட்டாரே எங்க மாப்ள." ஆனால் இரண்டு மரத்தை அவரே இழுத்தார் என்பதையும் சொல்ல வேண்டும்.

தண்டை நீளவாக்கில் பிளந்து, முதுகு வெளியே தெரியும்படி மேடையின் பின்தட்டியில் சணல் கயிற்றால் கட்டினோம். இரண்டு தண்டு நிமிர்ந்து, ஒன்று சாய்ந்து, மற்றதெல்லாம் துண்டு துண்டாகக் கீழே. பிறகு பூ. ஈர்க்கைப் பூவின் பின்புறப் பச்சையில்தான் செருக வேண்டும். ஒரு நூல் மேலே போனால் இதழ் கழன்றுவிடும். அரை விரற்கடை விட்டுக் கிள்ளியிருந்தோம் அல்லவா, அந்த மொட்டைக் காம்பு நுழைகிற அளவுக்குத் தண்டில் ஆணியால் ஒரு துளை போட்டு, காம்பு நீரில் நனைகிற மாதிரி பதித்தோம். என் கைக்கு அது சீக்கிரம் பழகிவிட்டது. அதிகாலையில் இருட்டில் வாத்து முட்டை பொறுக்குகிறவனுக்கு அழுத்தாமல் பிடிக்கத் தெரியும்.

எங்கே வைப்பது என்பதைப் பாய் மட்டும்தான் முடிவு செய்தார். அதுவரை நான் பார்த்த மனிதரே இல்லை அவர். மேடையிலிருந்து பத்தடி பின்னால் போவார், கண்ணைச் சுருக்குவார், வருவார், ஒரு பூவைக் கால் திருப்புத் திருப்புவார். கருஞ்சிவப்பெல்லாம் கீழே, உள்ளே. வெளிர் நிறம் வெளியே. பெரிய பூ ஒன்றுக்குப் பக்கத்தில் இன்னொரு பெரிய பூ வரவே கூடாது. எல்லாப் பூவும் நேராக ஆளைப் பார்க்கக் கூடாது. ஒன்று பெண்ணைப் பார்க்க வேண்டும், ஒன்று வாசலைப் பார்க்க வேண்டும், சின்னப் பூக்கள் எங்கேயோ பார்க்க வேண்டும்.

அவருக்கும் அக்காவுக்கும் அங்கேதான் சண்டை வந்தது. அவர் இடைவெளி விட விட, அக்கா பின்னாலேயே வந்து அதில் ஒரு பூவைக் குத்தினார்.

"அக்கா, அந்த எடத்த சும்மா வுடுங்க."

"சும்மா வுட்டா பூ பத்தலன்னு நெனப்பாங்க தம்பி. கல்யாண வீடு, ஒரு நெறவு வேணாமா?"

"நெருக்கி வச்சா பூ தெரியாதுக்கா. செவப்புதான் தெரியும்."

அக்கா தள்ளிப் போய்ப் பார்த்தார். திரும்பி வந்து, தான் குத்தின பூவைத் தானே பிடுங்கினார். ஆனால் தோற்றுப் போகிறவர் இல்லை. பிடுங்கின பூவை மோந்து பார்த்தார். "வாசனையே இல்லாத பூவ வச்சு என்னா கல்யாணம்?" என்று சொல்லிவிட்டுத் தன் கூடையிலிருந்த மரிக்கொழுந்தை எடுத்து இடைவெளிகளில் செருகினார். பாய் தடுக்க வாயைத் திறந்தார். பார்த்தார். பச்சைக்கு மேல் பூக்கள் தனித்தனியாக மேலே எழும்பி நின்றன. வாயை மூடிக்கொண்டார்.

ஐந்தரைக்கு முடித்தோம். நூற்று முப்பதில் எண்பத்தைந்து பூவைத்தான் வைத்திருந்தோம்.

கூட்டம் வரத் தொடங்கியதும் நாங்கள் எதிர்பாராத ஒரு தொல்லை வந்தது. யாருமே அது நிஜப் பூ என்று நம்பவில்லை. அப்போது கடைகளிலெல்லாம் பிளாஸ்டிக் பூ வந்திருந்த நேரம். மேடைக்கு வந்தவர்கள் மாப்பிள்ளை பெண்ணைப் பார்க்கும் முன்பு பூவைக் கிள்ளிப் பார்த்தார்கள். "நெசப் பூதான்டி!" என்று ஒரு பெண் கூவ, கிள்ளிப் பார்க்க இன்னும் நாலு பேர் வந்தார்கள். கிள்ளின இடமெல்லாம் கருக்க ஆரம்பித்தது. பாய் என்னை மேடை ஓரத்தில் நிறுத்தினார். நான் "தொடாதீங்கம்மா, மோந்து மட்டும் பாருங்க" என்று சொல்லிக்கொண்டிருந்தேன். மோந்து பார்த்தவர்கள் சொக்கிப் போனார்கள். "என்னா வாசன! வெளிநாட்டுப் பூன்னா சும்மாவா?" என்றார்கள். பின்னால் நின்ற அக்கா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்.

ஏழரை மணிக்கு மேல் பெரிய பூக்கள் தலை சாய ஆரம்பித்தன. மூன்று கழன்றே விழுந்துவிட்டன. பாய் கீழே உட்கார்ந்தபடியே, போட்டோவில் விழாமல், மிச்சமிருந்த பூக்களை ஒவ்வொன்றாக மாற்றிக்கொண்டிருந்தார். அப்படி மாற்றிக்கொண்டிருக்கும்போதுதான் மண்டபக்காரர் மேடையேறினார். பட்டு வேட்டி கட்டிய, கனமான மனிதர். ஒரு காலத்தில் அந்தச் சுற்று வட்டாரத்தில் நிறைய நிலம் வைத்திருந்த குடும்பம். அவரும் முதலில் மோந்து பார்த்தார். பிறகு மரிக்கொழுந்தை ஒதுக்கினார். அதற்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று விரலால் அழுத்தினார். விரல் ஈரமானது.

"என்னங்க இது? வாழையா?"

பாய் எழுந்து நின்றார். மச்சான்கூடச் சட்டைப்பையைத் தட்டவில்லை.

"ஆமாங்க."

"ஃபாரின்லேருந்து ஏதோ பஞ்சு வருதுன்னு சொன்னீங்க?"

"வந்துச்சுங்க. காம்பு..." என்று பாய் ஆரம்பித்தார். பொய் சொல்ல அவருக்கு வராது. "பூவுல காம்பக் கிள்ளிட்டாங்க. அதான் வாழைல வச்சோம்."

"எந்த வாழ?"

"ஒங்க வாய்க்கா கரைல, தாரு வெட்டின மரம்."

மண்டபக்காரர் ஈரமான விரலைத் துண்டில் துடைத்தார். பிறகு சத்தமாகச் சிரித்தார். பெண்ணும் மாப்பிள்ளையும் திரும்பிப் பார்த்தார்கள். "யோவ், ஒவ்வொரு தடவையும் தாரு வெட்டுனதும் அந்த மரத்த வெட்டி அப்புறப்படுத்த நான் ஆள் தேடி அலையுறேன். நீங்க அத என் மேடைல ஏத்தி, பட்டுப் பொடவைக்காரங்களைப் பக்கத்துல உக்கார வச்சுட்டீங்களே!" இன்னொரு முறை பின்னால் போய் மேடையைப் பார்த்தார். "பொண்ணோட அப்பாவுக்கு ரொம்பத் திருப்தி. அடுத்த புதன் ஒண்ணு இருக்கு, அதுக்கடுத்து வரிசையா நாலு முகூர்த்தம். எல்லாம் நீங்களே பாத்துக்குங்க. ஆனா ஒண்ணு, இதே மாரி வாழைலதான் வைக்கணும். அந்தப் பச்ச சோப்பெல்லாம் வேணாம்."

பாய் அந்தச் செய்தியை ஒரு விதமாக வாங்கிக்கொண்டார். சந்தோஷம்தான். ஆனால் ஏழு வருடம் கற்ற வித்தைக்காக அல்லாமல் எங்கள் தப்புக்காக ஆர்டர் கிடைத்ததில் ஒரு சின்ன வருத்தம் முகத்தில் ஓடியது. "நுரைக்கட்டின்னா ரெண்டு நாள் தாங்கும்" என்று முணுமுணுத்தார். "யாருங்க ரெண்டு நாள் உக்காந்திருக்கப் போறாங்க?" என்று சொல்லிவிட்டு மண்டபக்காரர் சாப்பிடப் போனார்.

மறுநாள் காலை பாய் என்னைக் கும்பகோணத்தில் தன் வீட்டுக்கு அழைத்துப் போனார். மச்சான் அதற்கு முன்பே டிக்கெட்டை ரத்து செய்யக் கிளம்பிப் போயிருந்தார். கிளம்பும்போது வேன்காரனுக்கு யார் பதில் சொல்வது என்று கேட்டுச் சண்டை போட்டாராம். இடியாப்பமும் தேங்காய்ப்பாலும் வைத்தார்கள். நான் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது பாயின் மனைவி உள்கதவோரம் வந்து நின்றார்.

"காம்பக் கிள்ளினது இவங்கதானா?"

"இவருதான்" என்றார் பாய்.

நான் இலையைப் பார்த்துக்கொண்டு, "தெரியாம பண்ணிட்டேங்க" என்றேன்.

"இன்னும் ரெண்டு இடியாப்பம் வைங்க அவங்களுக்கு" என்று சொல்லிவிட்டு உள்ளே போனார்.

சாப்பிட்டு முடித்ததும் பாய் விஷயத்துக்கு வந்தார். இந்தத் தடவை பூ ரொம்ப மலர்ந்துபோய் வந்துவிட்டது, அதனால்தான் ஏழரை மணிக்கே சாய்ந்தது. முக்கால் மலர்ச்சியில் அறுக்க வேண்டும், விடிவதற்குள் அறுக்க வேண்டும், பெட்டியை யாராவது மடியில் வைத்துக் கொண்டுவர வேண்டும். கொடைக்கானலில் ஓர் ஆள் போய்த் தோட்டத்தில் நின்றால்தான் இது நடக்கும். முகூர்த்தத்துக்கு முகூர்த்தம் போய் வர வேண்டும். பஸ்ஸிலேயேதான் பாதி வாழ்க்கை.

"நாலு பேரு கிட்ட கேட்டேன். அலைச்சல்னு வரமாட்டேங்குறாங்க. நீங்க போறீங்களா தம்பி?"

எனக்குச் சிரிப்பு வந்தது. இப்படி ஒரு வேலை உலகத்தில் இருப்பது தெரியாமல் இத்தனை வருடத்தை வீணடித்திருந்தேன்.

"போறேன் பாய். அங்க குளிருமா?"

"எனக்கென்ன தெரியும்? நான் போன்லதான் பேசியிருக்கேன். நான் பாத்ததெல்லாம் பாலைவனம்."

உள்ளே பீரோ திறக்கும் சத்தம் கேட்டது. அவர் மனைவி ஜிப் வைத்த பிளாஸ்டிக் பையோடு ஒரு கம்பளியைக் கொண்டுவந்து வைத்தார். பாய் வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்தது. பிரிக்கவே இல்லை. அதில் ஆளுயரத்துக்கு ஒரு புலி வாயைத் திறந்துகொண்டிருந்தது. "அத எதுக்கு எடுக்குற, தங்கச்சி கல்யாணத்துக்குன்னு வச்சிருந்தது" என்றார் பாய். "நம்ம ஊரு வெயிலுக்கு அவளுக்கு எதுக்கு இது?" என்று அவர் சொல்லிவிட்டார்.

ஒன்பது மணிக்குத் திருச்சி பஸ்ஸில் ஏறினேன். நசுங்காத இரண்டு காலிப் பெட்டியை மேலே போட்டுக் கட்டினார்கள். கம்பளியை மேலே போட எனக்கு மனம் வரவில்லை. ஆவணி வெயில் அப்போதே ஏற ஆரம்பித்திருந்தது. புலியை மடியில் வைத்துக்கொண்டு, வேர்த்து வழிந்தபடி ஜன்னலோரமாக உட்கார்ந்திருந்தேன். பஸ் கிளம்பியது.